முதுகுக்குப் பின்னால் மூன்று பிளேயர்கள்

பெற்றோர் வைத்த பெயர் அவருக்குச் சம்பளம் வாங்கும் இடத்தில் மட்டும்தான் பயன்பட்டது. மற்றபடி பத்திரிகை அலுவலகத்தில் வாசல் காவல்காரர் முதல் ஆசிரியர் வரை எல்லோருக்கும் அவர் காது சார். "காது சார் வந்தாச்சா?", "இதைக் காது சார்கிட்ட கொடுத்துடு" என்று சர்வசாதாரணமாகச் சொல்வார்கள். புதிதாகக் கேட்பவர்கள்தான் சிரிப்பார்கள். அவருக்கு அதில் வருத்தம் எதுவும் கிடையாது. இரண்டு காதை வைத்துக் குடும்பம் நடத்துகிற மனிதரை வேறு எப்படித்தான் கூப்பிடுவது?

வீட்டுக்குச் சாமான் வாங்குகிறவர்களுக்கு யோசனை சொல்கிற மாதப் பத்திரிகை அது. மின்விசிறிக்கு ஒருவர், இஸ்திரிப் பெட்டிக்கு ஒருவர் என்று ஆள் வைத்திருந்தார்கள். சிடி பிளேயருக்கு மட்டும் இரண்டு பேர். விலை உயர்ந்தவற்றைப் பார்க்கிறவருக்குத் தனி அறை, ஆள் உயர ஸ்பீக்கர்கள், சாய்ந்து கேட்க ஒரு சோபா. பையில் போட்டுக்கொண்டு போகிற, தும்மினால் மூடி கழன்றுவிடுகிற மலிவு பிளேயர்கள் எல்லாம் காது சார் தலையில். அவருக்கு ஒரு ஹெட்ஃபோன் கொடுத்தார்கள். "இதை வாங்கறவன் ஸ்பீக்கருக்கு எங்க போவான்? ஹெட்ஃபோன்லதான் கேப்பான். நீங்களும் அதுலயே கேளுங்க" என்றார் ஆசிரியர். சிக்கனம் பார்த்துச் சொன்னாரோ, நியாயம் பார்த்துச் சொன்னாரோ, சொன்னது என்னவோ சரிதான்.

ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் மலிவு பிளேயரால் எதையும் ஒளிக்க முடியாது. பாட்டு தொடங்குவதற்கு முன்னால் வரும் அந்தக் கொஞ்ச நேர அமைதியில் 'ஸ்ஸ்' என்று இரைச்சல் கேட்கும். சிடி சுழல்கிறபோது மோட்டார் முனகுவது பாட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். வெண்கலத் தட்டில் குச்சி படுகிற ஓசை நல்ல பிளேயரில் மினுங்கும். மட்டமானதில் மணலைச் சலிப்பது போலிருக்கும். இவ்வளவையும் மறைக்க, அடித்தொனியை உப்பவைக்கிற 'பேஸ்' என்று ஒரு பொத்தானை வைத்து, அதை அமுக்கினால் ஸ்வர்க்கம் தெரியும் என்று கம்பெனிக்காரன் அட்டைப்பெட்டியில் அச்சடித்திருப்பான். காது சாரின் காதில் அந்தப் பூவெல்லாம் சுற்ற முடியாது. பொத்தானை அணைத்துவிட்டுத்தான் வேலையையே ஆரம்பிப்பார்.

ஆனால் கம்பெனிக்காரனை விடப் பெரிய எத்தன் தன்னுடைய காதேதான் என்பது அவருக்குத் தெரியும். இரண்டு பிளேயரில் எது கொஞ்சம் சத்தமாகப் பாடுகிறதோ, அதுதான் உசத்தி என்று காது சொல்லிவிடும். அதனால் முதலில் மீட்டரை வைத்து எல்லாவற்றின் சத்தத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து, திருகும் சக்கரத்தின் மேல் டேப் ஒட்டிவிடுவார். அது போதாது. எந்த பிளேயரைக் கேட்கிறோம் என்று தெரிந்துவிட்டாலும் போச்சு. விலை தெரிந்த, பெயர் தெரிந்த அடுத்த நொடியே காது கண்ணுக்கு ஜால்ரா போட ஆரம்பித்துவிடும். ஆகவே எது என்று தெரியாமல் கேட்க வேண்டும். அதற்கு, முதுகுக்குப் பின்னால் இன்னொரு ஆள் உட்கார்ந்து வயரை மாற்றிக் குத்த வேண்டும்.

அந்த இன்னொரு ஆள் அவருடைய மனைவி.

வீட்டின் உள்ளறையில் அவருடைய நாற்காலி சுவரைப் பார்த்து இருக்கும். நாற்காலிக்குப் பின்னால் மேஜை. மேஜையில் வரிசையாகப் பிளேயர்கள், எல்லாவற்றிலும் ஒரே பாட்டு சிடியின் பிரதிகள். மேஜைக்கு அந்தப் பக்கம் ஒரு ஸ்டூலில் அவள். ஹெட்ஃபோன் வயர் நாற்காலி முதுகைத் தாண்டி அவள் கைக்குப் போகும். அவர் விரலைத் தூக்கினால் அவள் ஒரு பிளேயரிலிருந்து பிடுங்கி இன்னொன்றில் குத்த வேண்டும். எந்த வரிசையில் என்பது அவள் இஷ்டம். ஒரே ஒரு சட்டம்: பேசக் கூடாது. "உன் குரல்லயே நான் கண்டுபிடிச்சுடுவேன்" என்பார். கல்யாணமான புதிதில் அவளுக்கு இது விளையாட்டாக இருந்தது. கணவன் முதுகைப் பார்த்துக்கொண்டு வாயை மூடி உட்கார்ந்திருப்பது எத்தனை நாளைக்கு விளையாட்டாக இருக்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும். அது அவருடைய குறை.

கெட்ட மனிதர் இல்லை. குரலை உயர்த்தி ஒரு வார்த்தை சொன்னவர் இல்லை. சொன்னதெல்லாம் "உஷ்" மட்டும்தான். குக்கரை அணைக்கச் சொல்லி உஷ், கதவை மெல்லச் சாத்தச் சொல்லி உஷ், பிள்ளை பள்ளிக்கூடத்தில் நடந்ததைச் சொல்ல ஓடிவந்தால் அதற்கும் ஒரு உஷ். பிள்ளை வளர்ந்து, வேலை கிடைத்து, தூர தேசத்துக்குப் போய்விட்டான். போனில் பேசும்போதுகூட "அப்பா, டிஸ்டர்ப் பண்ணலையே?" என்று கேட்டுவிட்டுத்தான் பேசுவான்.

பிறகு மனைவியும் போனாள். தங்கைக்கு ஆபரேஷன், கூடமாட ஒத்தாசைக்கு ஆள் வேண்டும் என்று ஒரு பையைத் தூக்கிக்கொண்டு ஊரின் மறுகோடிக்குப் போனவள்தான். தங்கை தேறினாள், எழுந்து நடந்தாள், வேலைக்கும் போக ஆரம்பித்தாள். இவள் திரும்பவில்லை. இரண்டு வருடம் ஆகிவிட்டது. சண்டை போட்டுக்கொண்டு போயிருந்தாலாவது யாரையாவது கூட்டிக்கொண்டு போய்ச் சமாதானம் பேசலாம். நடக்காத சண்டைக்கு என்ன சமாதானம் பேசுவது? "எப்ப வர்றே?" என்று அவர் கேட்கவில்லை. "வரட்டுமா?" என்று அவளும் கேட்கவில்லை. கேட்டால் எங்கே பதில் வந்துவிடுமோ என்று இரண்டு பேருக்கும் பயம்.

ஆனால் மாதம் ஒருமுறை வந்தாள். பிளேயர்களை ஒப்பிட்டுப் பார்க்க ஆள் வேண்டுமே! அவள் போன புதிதில் அவர் வேறு வழிகளையும் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு தானே வயரை மாற்றினார், கை காட்டிக்கொடுத்துவிட்டது. குடியிருப்பின் கீழ்த்தளத்துக் காவல்காரரைக் கூட்டிவந்து ஸ்டூலில் உட்காரவைத்தார். அந்த மனிதருக்கு ஒரு பாட்டு பிடித்துப்போய், தனக்கும் கொஞ்சம் கேட்கக் கொடுங்கள் என்று ஹெட்ஃபோனுக்குக் கை நீட்டினார். கடைசியில் கூச்சத்தை விட்டுவிட்டு மனைவிக்கே போன் போட்டார். "மூணு மிஷின் வந்திருக்கு. ஆள் இல்லை." அவள் ஒரு வார்த்தை மறுக்காமல் வந்தாள். வயரை மாற்றிக் கொடுத்துவிட்டுச் சாயங்காலம் கிளம்பிப் போனாள். அன்று முதல் மாதத்தில் அவருக்கு மற்ற நாட்களெல்லாம் காத்திருக்கிற நாட்கள்தான்.

பஸ் நிறுத்தம் வரை கூடவே போவார். ஒவ்வொரு முறையும் இன்றைக்குக் கேட்டுவிட வேண்டும் என்று வீட்டிலிருந்தே வார்த்தைகளை எடுத்துக்கொண்டு போவார். பஸ் வரும். மென்று விழுங்கிவிட்டுத் திரும்பி வருவார்.

இப்படியாவது ஓடிக்கொண்டிருந்த வண்டிக்கு ஆசிரியர் முட்டுக்கட்டை போட்டார். "காது சார், தப்பா நினைக்காதீங்க. இப்பல்லாம் யார் சிடி கேக்கறா? எல்லாம் போன்லயே இருக்கு. உங்க பக்கத்தை நிறுத்திடலாம்னு முடிவு பண்ணிட்டோம்" என்றார். ஒரு தேநீர் வாங்கிக் கொடுத்தார். ஹெட்ஃபோனை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். காது சார் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தார். வேலை போனதைப் பற்றி அவர் வருத்தப்பட்டதாகச் சொல்ல முடியாது. மாடிப்படியில் இறங்கும்போதே அவர் மனதில் ஓடியதெல்லாம் ஒன்றே ஒன்றுதான்: இனி அவளை எதைச் சொல்லிக் கூப்பிடுவது?

வேலை போனதை அவளிடம் சொல்லாமலே விட்டுவிட்டார். நான்கு மாதமாகப் பழைய சாமான் கடையில் போய், எவனோ எப்போதோ தூக்கிப் போட்ட பிளேயர்களைப் பொறுக்கிக்கொண்டு வந்து, துடைத்து, புதிதுபோல் மேஜையில் அடுக்கி, "மிஷின் வந்திருக்கு" என்று போன் செய்துகொண்டிருந்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். ஆனால் இந்தப் பொய் மட்டும் அவருக்குச் சரளமாக வந்தது.

அந்த மாதமும் போன் செய்தார். எடுத்தது சகலை. சகலை என்றால் தங்கை புருஷன், நல்ல மனிதர், ஆனால் வாய் கொஞ்சம் நீளம்.

"என்ன சார், இந்தத் தடவை எத்தனை மிஷின்?"

"மூணு."

"மூணா? பரவாயில்லையே, இன்னும் செஞ்சுகிட்டுத்தான் இருக்காங்களா?" என்று ஒரு மாதிரி இழுத்துவிட்டு, அவளிடம் போனைக் கொடுத்தார்.

"சொல்லுங்க."

"வியாழக்கிழமை வந்தா நல்லா இருக்கும். வெள்ளிக்கிழமை எழுதிக் கொடுக்கணும்."

"சரி" என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

வியாழக்கிழமை காலையிலிருந்தே அவர் நிலைகொள்ளாமல் இருந்தார். வீட்டைப் பெருக்கினார். பெருக்கியதையே மறுபடியும் பெருக்கினார். இன்றைக்குக் கேட்டே ஆக வேண்டும். பழைய சாமான் கடைக்காரர் இனிமேல் சிடி பிளேயர் எடுப்பதாக இல்லை என்று சொல்லிவிட்டார். இது கடைசி மூன்று. இவையும் தீர்ந்தால் அவளைக் கூப்பிட உலகத்தில் ஒரு சாக்கும் இல்லை. ஆகவே என்ன சொல்லிக் கேட்பது என்று கண்ணாடிக்கு முன்னால் நின்று பார்த்தார். 'இங்கேயே இருந்துட்டா வசதியா இருக்குமே.' யாருக்கு வசதி? 'உனக்கு அலைச்சல் மிச்சம்.' பஸ் கம்பெனிக்காரன் பேசுகிற மாதிரி இருந்தது. 'வாங்கலாம்', 'வாங்க வேண்டாம்', 'யோசித்து வாங்கலாம்' என்று மூன்றே தீர்ப்பில் ஆயுள் முழுக்க எழுதியவருக்கு, மனைவியிடம் சொல்ல ஒரு வாக்கியம் அகப்படவில்லை.

பதினொரு மணிக்கு வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, பையைச் சுவரோரம் வைத்துவிட்டு, நேராகச் சமையலறைக்குப் போய் அவர் கழுவி வைத்திருந்த டம்ளரை மறுபடியும் கழுவினாள்.

"மெலிஞ்சுட்டீங்க."

"அப்படியா? வெயிட் பாக்கல."

"சாப்பாடு ஒழுங்கா சாப்பிடறீங்களா?"

"ம். தங்கச்சி எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா."

அதற்குமேல் இருவரும் மேஜையைப் பார்த்தார்கள். "ஆரம்பிக்கலாமா?" என்றாள் அவள். கேட்பதற்கு அதுதான் நல்ல நேரம் என்று அவருக்குத் தோன்றியது. "ஆரம்பிக்கலாம்" என்று சொல்லி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். முடியட்டும், முடிந்ததும் கேட்டுவிடலாம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், யாருமே அச்சடிக்கப் போகாத அந்தத் தீர்ப்புக்காக அவர் உண்மையாகவே கேட்டார். ஏனோதானோ என்று காதைக் கொடுக்க அவருக்கு வராது. முதல் சுற்றில் வந்த முதலாவது பிளேயரில் பாடுகிறவள் ஜலதோஷம் பிடித்தவள் மாதிரி இருந்தாள். விரலைத் தூக்கினார். அடுத்ததில் குரல் தெளிவு, ஆனால் பின்னணியில் மோட்டார் முனகல். மறுபடி விரல். மூன்றாவது நன்றாகவே இருந்தது, கம்பி வாத்தியத்தில் விரல் நகர்கிற உரசல்கூடக் கேட்டது. குப்பையில் கிடந்த சரக்குக்கு இது அதிகம்தான் என்று நினைத்துக்கொண்டார்.

இரண்டாவது சுற்று. அவள் வரிசையை மாற்றினாள். விரல் தூக்கினார், வயர் பிடுங்கும் 'டப்' கேட்டது, குத்தும் கரகரப்பு கேட்டது. பிறகு ஒன்றும் இல்லை. காத்திருந்தார். ஒன்றும் இல்லை. மலிவு பிளேயர்களின் பரம்பரை வியாதிதான்: ஹெட்ஃபோன் குத்துகிற துளைக்கு உள்ளே ஈயப்பற்று விட்டுவிடும். சிடி சுற்றும், எண்கள் ஓடும், பார்க்கிறவருக்கு எல்லாம் ஒழுங்காக இருக்கும். சத்தம் மட்டும் வெளியே வராது.

"வரலை" என்று சொல்ல வாயெடுத்தார். அப்போது பின்னால் அவள் பேசினாள்.

"காலர் கிழிஞ்சிருக்கு. அதைக் கூடப் பாக்காம போட்டுட்டு உக்காந்திருக்கீங்க."

காதின் மேல் மூடியிருந்த பஞ்சைத் தாண்டிக் குரல் மங்கலாக வந்தது. ஆனால் தெளிவாகவே வந்தது. பேசக் கூடாது என்கிற சட்டம் ஒரு நொடி அவர் நாக்கு நுனி வரை வந்தது. அவள் மேலே பேசினாள். தனக்குத்தானே பேசுகிற தொனி, பழகிப்போன தொனி.

"திரைச்சீலையைத் துவைச்சு எத்தனை மாசம் ஆச்சோ. நான் எடுத்து ஊறப்போட்டா, எதுக்கு உனக்குச் சிரமம்பீங்க. விருந்தாளி மாதிரி. அங்கயும் விருந்தாளிதான். எனக்குத்தான் முதல்ல டீ ஊத்தறாங்க. தங்கச்சி வீட்டுக்காரரு நடையில வந்தா, நான் இருக்கேன்னு இருமிட்டு வர்றாரு. அவங்க மேல தப்பு சொல்ல முடியுமா? நல்லவங்கதான். ஆனா ரெண்டு வருஷம் ஒருத்தி விருந்தாளியாவே இருக்க முடியுமா?"

அவர் அசையவில்லை. அசைந்தால் நிறுத்திவிடுவாள். பாட்டுக்கு ஆட்டுவது போல் தலையைக் கொஞ்சம் ஆட்டினார். அப்படி ஆட்டுவது அவருக்கே கேவலமாக இருந்தது. ஆனாலும் ஆட்டினார்.

"இந்த ஸ்டூல்ல உக்காந்து எவ்வளவோ பேசியாச்சு உங்ககிட்ட. எங்கம்மா தவறிப்போன மறுவாரமும் மிஷின் வந்துச்சு, ஞாபகம் இருக்கா? இங்க உக்காந்துதான் நல்லா அழுதேன். முடிச்சுட்டுத் திரும்பி, நீலக் கலர் மிஷின்ல டிரம்ஸ் பிரமாதம்னீங்க. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு."

அவருக்கு ஞாபகம் இருந்தது. பிளேயர் ஞாபகம் இருந்தது. நீல மூடி, பக்கவாட்டில் வெள்ளி எழுத்து. அவள் முகம் அன்றைக்கு எப்படி இருந்தது என்று எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

"பத்திரிகையில உங்க பக்கத்தை நிறுத்திட்டாங்களாமே. நாலு மாசம் ஆச்சுன்னு தங்கச்சி வீட்டுக்காரரு சொன்னாரு. சொல்லிட்டு, என் மூஞ்சியைப் பாத்தாரு. எனக்கு அப்பவே தெரியும்னு நானும் ஒரு பொய் சொன்னேன். தெரிஞ்சேதான் இன்னிக்கும் வந்தேன். மிஷினைத் துடைச்சு வச்சிருக்கற அழகைப் பாத்தா... எனக்காக ஒரு பொய் சொல்றீங்களேன்னு சந்தோஷமாத்தான் இருக்கு. அதோட நின்னுடறீங்க, அதுதான். போகாதேன்னு ஒரு வார்த்தை. அதுக்கு மேல நான் எதுவும் கேக்கல. ஒவ்வொரு தடவையும் பையில மாத்துத் துணி வச்சுத்தான் எடுத்துட்டு வர்றேன். ஒவ்வொரு தடவையும் அப்படியே திருப்பி எடுத்துட்டுப் போறேன்."

காலையிலிருந்து கண்ணாடி முன்னால் நின்று தேடிய வார்த்தையை அவளே எடுத்துக் கொடுத்துவிட்டாள். அந்த நிமிடமே ஹெட்ஃபோனைக் கழற்றி எறிந்துவிட்டுத் திரும்பியிருக்க வேண்டும். வேறு யாராக இருந்தாலும் திரும்பியிருப்பார்கள். அவர் என்ன செய்தார் தெரியுமா? என்ன செய்வதென்று தெரியாத கை தனக்குத் தெரிந்ததைச் செய்தது. விரலைத் தூக்கினார்.

'டப்' என்று பிடுங்கும் சத்தம். குத்தும் கரகரப்பு. இன்னொரு பிளேயரிலிருந்து பாட்டு அப்படியே காதுக்குள் இறங்கியது. அதன் பின்னால் அவள் இன்னும் ஏதாவது சொன்னாளா, சொல்லவில்லையா என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. அந்தப் பாட்டு முடியும் வரை உட்கார்ந்தே இருந்தார். ஒட்டுக் கேட்டது தெரிந்தால் கூசிப்போவாள், அதனால் தானாகச் சொல்கிற மாதிரி சொல்ல வேண்டும், நிதானமாகச் சொல்ல வேண்டும் என்று தன்னையே தயார் செய்துகொண்டிருந்தார். அவர் வாழ்க்கையில் ஒரு பாட்டைக் கொஞ்சமும் கேட்காமல் உட்கார்ந்திருந்தது அதுதான் முதல் தடவை.

ஹெட்ஃபோனைக் கழற்றித் திரும்பியபோது அவள் எழுந்து பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"முடிஞ்சுதா? எது நல்லா இருக்கு?"

"போகாதே" என்றார்.

அவள் கை ஜிப்பிலேயே நின்றது. முகம் மலர்ந்தது. பொய் சொல்லக் கூடாது, அந்த முகத்தை அவர் பார்த்தார். அதற்கு முன் எப்போது பார்த்தோம் என்று நினைவுபடுத்திக்கொள்ள முடியாத ஒரு முகம்.

"என்ன சொன்னீங்க?"

"போகாதே. இங்கயே இருந்துடு."

அவள் பையைக் கீழே வைத்தாள். வைத்துவிட்டு அவரையே பார்த்தாள். பார்க்கப் பார்க்க அந்த மலர்ச்சி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. அவரோடு அத்தனை வருடம் குடித்தனம் நடத்தியவள். அந்த வார்த்தை அவருடைய வாயில் விளைகிற வார்த்தை இல்லை என்று அவளுக்குத் தெரியாதா? "இருந்துட்டுத்தான் போயேன்" என்பார், "உன் இஷ்டம்" என்பார். போகாதே என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை, விமானம் ஏறப் போன பிள்ளையிடம்கூட.

மேஜைக்கு வந்தாள். ஹெட்ஃபோனை எடுத்தாள். அத்தனை வருடத்தில் அவள் அதைத் தலையில் மாட்டிப் பார்த்ததே இல்லை. எந்தப் பக்கம் எந்தக் காதுக்கு என்று தடுமாறினாள். மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு பிளேயராகக் குத்திப் பார்த்தாள். மூன்றாவதில் கை நின்றது. துளையில் வயரை அழுத்தினாள், திருகினாள். சிடி சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

"இதுல சத்தமே இல்லையே."

"இல்ல."

"முதல்ல வந்துச்சா?"

"முதல் சுத்துல வந்துச்சு. ரெண்டாவதுல போயிடுச்சு."

ஹெட்ஃபோனை மெதுவாகக் கழற்றினாள். "அப்ப நான் பேசினது?"

"கேட்டுது."

"எல்லாமா?"

"எல்லாம்."

வாயைப் பொத்திக்கொண்டாள். குளியலறைக் கதவைத் தெரியாமல் திறந்துவிட்ட ஆளைப் பார்ப்பது போல அவரைப் பார்த்தாள். பிறகு, "முன்னாடி பேசினதெல்லாம்?" என்றாள்.

"அது ஒண்ணுகூடக் கேட்டதில்ல. சத்தியமா."

"அது எனக்குத் தெரியும். கேக்காதுன்னுதானே பேசினேன்."

அவருக்கு எப்படியாவது அந்த இடத்தைச் சரிக்கட்டிவிட வேண்டும் என்று தவிப்பு. அவசரத்தில் வாய் எதையோ உளறியது. "அதான் இப்ப கேட்டுட்டேனே. நீ வேற, மாத்துத் துணி எல்லாம் எடுத்துட்டு வந்திருக்கே..."

சொல்லி முடிப்பதற்குள்ளேயே சொல்லியிருக்கக் கூடாது என்று தெரிந்துவிட்டது. அவள் முகம் சிவந்தது. பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அழப் போகிறாள் என்று நினைத்தார். அவள் அழவில்லை. கோபமும் படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவருக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். சொல்லுங்க."

"கேளு."

"இது ஓடியிருந்தா?"

"எது?"

"இந்த மிஷின் ஒழுங்கா ஓடியிருந்தா, இன்னிக்கு என்னைப் போகாதேன்னு சொல்லியிருப்பீங்களா?"

காலையிலிருந்து அதற்காகத்தான் பெருக்கினேன், துடைத்தேன், கண்ணாடி முன்னால் நின்றேன் என்று சொல்லலாம். அத்தனையும் உண்மை. ஆனால் போன மாதமும் பெருக்கினார், அதற்கு முந்தின மாதமும் கண்ணாடி முன்னால் நின்றார். ஒவ்வொரு மாதமும் பஸ் நிறுத்தம் வரை போய், பஸ் ஏறுவதைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். இது ஓடியிருந்தால் பாட்டைக் கேட்டிருப்பார். கேட்டு முடித்து, எது நல்லது என்று சொல்லியிருப்பார். பிறகு அவள் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்திருப்பார். தன் காதுக்கே தீர்ப்பு எழுதுகிற மனிதருக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது.

"ஆமா" என்று ஒரே ஒரு சொல் சொன்னால் போதும். நான்கு மாதமாக மிஷின் வந்திருக்கிறது என்று தடுமாறாமல் பொய் சொன்னவருக்கு இந்த ஒரு பொய் வரவில்லை. வாயைத் திறந்தார். மூடினார். மேஜையில் மூன்று சிடிகளும் சுற்றி முடித்து ஒவ்வொன்றாக நின்றன.

அவள் அவசரப்படவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு, அவர் முகத்தையே பார்த்தபடி நிற்கத்தான் செய்தாள். அவர் ஆமாம் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். நம்புவதற்காகத்தான் அவ்வளவு நேரம் நின்றாள். பிறகு, "பஸ்ஸுக்கு நீங்க வர வேண்டாம், வெயிலா இருக்கு" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.